எல்லாவற்றுக்கும் ஒரே குரூப்பா?

முதலாளியின் அவசரத் தகவல், 'குட்மார்னிங்' படங்களுக்கு நடுவே புதைந்துபோகிறதா? குரூப்பைப் பிரித்து அடுக்குவதுதான் தீர்வு.

கடையநல்லூர் இருக்கும் தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்குகிறது ஸோஹோ. இந்நிறுவனத்தின் 'கிளிக்' செயலியில் சேனல்கள் நான்கு வகை: நிறுவனம் முழுமைக்கும், ஒரு துறைக்கு மட்டும், தேர்ந்தெடுத்த சிலருக்கு, வெளியாட்களோடு பேச. உள்விவகாரம் வாடிக்கையாளர் கண்ணில் படும் ஆபத்து இதனால் குறைகிறது.

சிறிய கடைகளுக்கு, 2022-ல் வந்த வாட்ஸ்அப் 'கம்யூனிட்டி' போதும். மேலே அறிவிப்புக் குரூப். அதில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும். கீழே பில்லிங், குடோன், டெலிவரி எனத் தனித்தனி குரூப்கள்.

ஆனால், பத்துப் பேருக்கு இருபது குரூப் வேண்டாம். 'இந்தத் தகவல் யாருக்குத் தேவை?' என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். வேலையை விட்டுப் போனவரை அன்றே நீக்கிவிடுங்கள்!