அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ் வருமா?

சென்ற மார்கழியில் ஒரு நாள் இரவு ஒன்பதரை மணி. அம்பத்தூர் சி.டி.எச். ரோட்டில் நமது மளிகைக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அன்றைய வரவு செலவைச் சரிபார்த்துக் கொண்டிருந்தோம். வெளியே பெரிய சத்தம். ஆவடிப் பக்கமிருந்து வந்த ஒரு மொபெட்டை ஏதோ ஒரு வேன் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மொபெட்டில் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ரோட்டோரத்தில் மல்லாந்து கிடந்தார். தொடையிலிருந்து ரத்தம் நிற்காமல் ஓடியது.

இரண்டு நிமிடத்தில் இருபது பேர் கூடிவிட்டார்கள். கிட்டப் போனவர் ஒருவருமில்லை. நம் கடைத்தெருப் பெரியவர் ஒருவர், ஆண்டுதோறும் அன்னதானத்திற்கு முதல் மூட்டை அரிசி கொடுக்கிறவர், "தொடாதீங்கப்பா, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். அவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் நமது எண்ணமும் அதுதான். ஷட்டரை முழுவதும் இறக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் கை போயிற்று.

அப்போது எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த வடமாநில இளைஞர் ஒருவர், சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். கழுத்திலிருந்த துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் கொண்டார். தமிழ் தெரியவில்லை. நம்மைப் பார்த்து "அண்ணா, போன், போன்" என்று கத்தினார். அதற்குப் பிறகுதான் நமது கையில் போன் இருப்பதே நமக்கு நினைவு வந்தது. 108-க்குப் பேசினோம். ஆம்புலன்ஸ் வந்து, பிடித்த கையை எடுக்காமலே அவரும் ஏறிப் போனார். சைக்கிளை நம் கடை ஓரமாக நிறுத்தி வைத்தோம். விடியற்காலையில் வந்து வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு எடுத்துப் போய்விட்டாராம். நாம் கடை திறக்க வந்தபோது அவர் இல்லை.

பத்து நாள் கழித்து, அடிபட்டவரின் மைத்துனர் தேடிக்கொண்டு வந்தார். ஆபரேஷன் முடிந்து ஆள் தேறி வருவதாகச் சொன்னார். அந்தத் துண்டை அழுத்திப் பிடித்திராவிட்டால் ஆஸ்பத்திரி வருவதற்குள்ளேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அன்றிரவு முதல் இந்த விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தோம். தெரிந்ததை உறுப்பினர்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். பாடியிலிருந்து பட்டாபிராம் வரைக்கும், கரையான்சாவடியிலிருந்து நசரத்பேட்டை வரைக்கும் ரோட்டைப் பார்த்தே கடை வைத்திருக்கிறவர்கள் நாம். விபத்து நடந்தால் போலீசுக்கு முன்னால், ஆம்புலன்சுக்கு முன்னால் பார்க்கிறவர்களும் நாம்தான்.

நமக்கு அந்தப் பயம் சும்மா வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன், பூந்தமல்லி ரோட்டில் லாரி தட்டி விழுந்த ஒரு சைக்கிள்காரரை நம் தமையனார் கடை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் "இது போலீஸ் கேஸ், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அந்த மனிதர் போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. உன் வேன்தான் இடித்ததா என்று விடிய விடிய விசாரணை. வேன் ஒரு வாரம் ஸ்டேஷனில் நின்றது. கோர்ட்டிலிருந்து சம்மன் மேல் சம்மன். போன நாளெல்லாம் வாய்தா. மூன்று ஆண்டு அலைந்தார். "இனிமேல் யார் விழுந்தாலும் ஷட்டரை இறக்கு" என்று தகப்பனார் சொல்லிவிட்டார். முப்பது ஆண்டு அந்தச் சொல்லைக் காப்பாற்றினோம். அந்த முப்பது ஆண்டில் நம் கடைக்கு எதிரே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பட்டணத்தில் இரக்கம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு அடையாறு கரை புரண்டபோது, முன்பின் தெரியாதவர்களை வீட்டு மாடியில் ஏற்றிக்கொண்ட ஊர் இது. மசூதிகளும் கல்யாண மண்டபங்களும் கதவைத் திறந்து வைத்தன. மீனவர்கள் கடலில் ஓட்டும் படகைத் தெருவில் ஓட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நமது எஸ்டேட்டே வெள்ளத்தில் நின்றபோது, கடைக்காரர்கள் பாலையும் பிரெட்டையும் கணக்குப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்ததை நாமே பார்த்தோம். அதே ஜனங்கள்தான் ரோட்டில் ஒருவர் விழுந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளத்தில் தூக்கினால் கேஸ் கிடையாது. ரோட்டில் தூக்கினால் கேஸ் உண்டு என்ற நினைப்பே காரணம். அந்த நினைப்பு ஒரு காலத்தில் சரி. இப்போது அது பழைய சரக்கு.

சட்டம் மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஸ்கூட்டரில் போய் அடிபட்ட ஒருவரை, இங்கே போலீஸ் கேஸ் பார்ப்பதில்லை என்று அருகிலிருந்த ஆஸ்பத்திரி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டது. வழியில் அவர் இறந்தார். பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை வைத்து பரமானந்த் கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். உயிரைக் காப்பாற்றுவதுதான் டாக்டரின் முதல் கடமை, போலீஸ் சம்பிரதாயமெல்லாம் அதற்குப் பிறகே என்று 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. நம் தமையனார் வேனை ஓட்டிக்கொண்டு அலைந்தபோது இந்தத் தீர்ப்பு வந்து சில ஆண்டு ஆகியிருந்தது. அவருக்கும் தெரியாது, வாசலில் மறித்தவருக்கும் தெரிந்திருக்காது. தீர்ப்பு டெல்லியில் இருந்தது, நாம் பூந்தமல்லியில் இருந்தோம்.

ஆனால் அந்தத் தீர்ப்பு ஆஸ்பத்திரியைத்தான் பெரிதும் கட்டியது. தூக்கிக்கொண்டு போகிறவரின் பயத்தைத் தீர்க்கவில்லை. 2007-ல் டெல்லியில் ஒரு பள்ளி மாணவன் அடிபட்டு ரோட்டிலேயே வெகுநேரம் கிடந்து, உதவுவார் இல்லாமல் இறந்து போனான். அவனுடைய உறவினரான பியூஷ் திவாரி என்பவர் மறு ஆண்டு சேவ்லைஃப் பவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். 2012-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்குப் போட்டார்கள். அதன் பலனாக மத்திய அரசு 2015 மே மாதம் சில விதிமுறைகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30-ந் தேதி அவற்றை நாடு முழுவதும் கட்டாயமாக்கி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 134-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தார்கள். அதற்கான விதிகள் 2020 செப்டம்பரில் வந்தன. ஆகவே இது இன்று வெறும் அறிவுரை அல்ல, சட்டம்.

சட்டம் இப்படி உதவுகிறவரை 'நல்ல சமாரியர்' என்கிறது. அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சத்திரத்தில் சேர்த்த ஒரு வேற்று இனத்தாரைப் பற்றிப் பைபிளில் வரும் கதையிலிருந்து எடுத்த பெயர். அவர் சத்திரக்காரனிடம் முன்பணம் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். கடன் கணக்கு தெரிந்தவர் போலும்!

134-ஏ பிரிவில் நமக்கு முக்கியமானவை இவை. கைம்மாறு எதிர்பாராமல் நல்லெண்ணத்தோடு விபத்தில் அடிபட்டவருக்கு உதவி செய்தவர் மீது, அவர் கை தவறி ஏதாவது நேர்ந்துவிட்டாலும், அடிபட்டவர் இறந்தே போனாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ நிற்காது. பெயர், முகவரி, அடையாளம் எதையும் சொல்லும்படி போலீசாரோ வேறு யாருமோ கட்டாயப்படுத்தக் கூடாது. போன் செய்து தகவல் சொன்னவருக்கும் அப்படியே. ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், அடிபட்டவருக்கு உறவினராக இல்லாத வரையில், அட்மிஷனுக்குப் பணம் கட்டு என்று அவரைக் கேட்கக் கூடாது, நிறுத்தியும் வைக்கக் கூடாது. இந்த உரிமைகளைத் தமிழிலும் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிப் பக்கம் போகும்போது போர்டு இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

சாட்சி சொல்ல வேண்டுமா என்பதே நம்மவர்களின் பெரிய கேள்வி. சொல்வதும் சொல்லாததும் உதவியவர் விருப்பம். சொல்கிறேன் என்று தானாக முன்வந்தால், போலீசார் அவர் வீட்டுக்கோ கடைக்கோ, அவருக்கு வசதியான நேரத்தில், சாதாரண உடையில் வந்து ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும் என்றால் அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். பிரமாண வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் அதையே முழு வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம். நம் தமையனார் மூன்று ஆண்டு அலைந்த அலைச்சலுக்கு இன்று இடமில்லை. தெரியாத ஏட்டு யாராவது பழைய வழக்கப்படி மிரட்டினால், "134-ஏ" என்று சொல்லிப் பாருங்கள். எண்ணைச் சொன்னாலே பேச்சு மாறும் என்பது நம் எண்ணம்.

இன்னொன்று செலவு. தமிழக அரசு 2021 டிசம்பர் 18-ந் தேதி மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நம் மாநில எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊராராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். மத்திய அரசும் 2025 மே மாதம், ஏழு நாளுக்குள் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் திட்டத்தை அறிவித்தது. ஆகவே பணம் யார் கட்டுவது என்று வாசலில் நின்று யோசிக்க வேண்டியதில்லை. இடித்த வண்டி எது என்றே தெரியாமல் போனாலும், 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் பலத்த காயத்திற்கு 50,000 ரூபாயும் நஷ்டஈடு உண்டு. மைத்துனரிடம் இதைச் சொன்னபோது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

எவ்வளவு சீக்கிரம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்திற்குள் ஆஸ்பத்திரி சேர்த்தால் சாவுகளில் பாதியையாவது தவிர்க்கலாம் என்று டாக்டர்கள் கருத்தை எடுத்துக்காட்டி, சட்டக் கமிஷன் 2006-ம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. நாம் கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிற பத்து நிமிடம் அந்த ஒரு மணியிலிருந்துதான் போகிறது.

கடையில் இருக்கிறவர்கள் செய்யக் கூடியது அதிகமில்லை. உடனே 108. இடத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். டன்லப், ஓ.டி. என்று நமக்குப் பழகிய ஸ்டாப் பெயர் போனில் பேசுகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்த ரோடு, எந்தப் பக்கம் போகிற திசை, எந்தக் கடைக்கு எதிரே என்று சொன்னால் போதும். பில் புத்தகத்தில் முகவரி அச்சடித்தே இருக்கிறது. ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வண்டிகளை ஒதுக்கிவிட ஒரு ஆள் நிற்கட்டும். சோடா உடைத்து வாயில் ஊற்றுவது நம் ஊர் வழக்கம். கூடவே கூடாது, மயங்கியவருக்கு மூச்சில் போய் அடைத்துவிடும். காபித்தூளும் மஞ்சள்தூளும் கடையிலேயே இருக்கிறது என்று காயத்தில் அப்பவும் கூடாது. கழுத்திலோ முதுகிலோ அடி என்று தோன்றினால், அந்த இடத்திலேயே ஆபத்து இல்லாத பட்சத்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் விட வேண்டும்.

இடித்தது நம் சரக்கு வண்டியாகவே இருந்தால் கணக்கு வேறு. அங்கே 134-ஏ காப்பாற்றாது. 134-வது பிரிவு பேசும். அடிபட்டவரைச் சிகிச்சைக்குச் சேர்ப்பதும், போலீசுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்வதும் டிரைவரின் கடமை. ஜனம் அடிக்கும் என்று பயந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிற டிரைவர்கள் உண்டு. அடிக்கிற நிலைமை என்றால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லி வையுங்கள். வீட்டுக்குப் போனால் குற்றம் இரட்டிப்பாகும்.

உயிர் காத்தவருக்கு மத்திய அரசு பரிசும் வைத்திருக்கிறது. 2021 அக்டோபரில் 5,000 ரூபாயும் சான்றிதழும் என்று தொடங்கியதை 2025-ல் 25,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பலத்த அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்திற்குள் சேர்த்திருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துப் போலீசார் கொடுக்கும் சான்று, கலெக்டர் தலைமையிலான கமிட்டிக்குப் போகும். நம் கடை எதிரே நடந்ததை எழுதிக் கொடுக்கலாம் என்று மைத்துனரும் நாமும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகவே உட்கார வைத்துக் கேட்டார். உதவியவர் பெயர் என்ன, எந்தக் கம்பெனி என்றார். இரண்டு பேருமே விழித்தோம். அன்றிரவு அவரிடம் ஒருவர்கூடப் பெயர் கேட்கவில்லை.

சைக்கிள் பச்சை நிறம், பின் சக்கரத்திற்கு மட்கார்டு கிடையாது என்று வாட்ச்மேன் சொல்கிறார். ஷிப்ட் விடுகிற நேரத்தில் கடைப் பையன்களை வாசலில் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறோம். எஸ்டேட் பக்கம் கடை வைத்திருக்கும் உறுப்பினர்களும் கொஞ்சம் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.