மலை மறைத்த மனிதர்கள் – 6: தேடச் சொல்வதற்கு முன்

மகன் நேபாளத்துக்கு மலையேறப் போனான். திரும்ப வேண்டிய தேதி கடந்து நாட்கள் ஓடிவிட்டன. போன் அணைந்து கிடக்கிறது. 'இனியும் பொறுக்கக் கூடாது, தேடுதல் குழுவை அனுப்பச் சொல்ல வேண்டியதுதான்' என்று வீட்டில் முடிவாகிறது. சென்ற வாரம் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம்.

இந்த நேரத்தில் வீடு முழுக்க ஒரே கேள்விதான் ஓடும். யாரைப் பிடிப்பது? தூதரகத்தில் யாரைத் தெரியும், எம்.பி.யின் உதவியாளர் நம்பர் யாரிடம் இருக்கிறது, சித்தப்பாவின் நண்பர் டெல்லியில் இருக்கிறாரே... ஆள் பிடிப்பதிலேயே பொன்னான நேரம் கரைந்துவிடும். கடைசியில் ஒருவர் கிடைத்து, "சரி, எங்கே தேடணும்?" என்று கேட்பார். 'இமயமலையில்' என்பதைத் தவிர அந்தக் குடும்பத்திடம் பதில் இருக்காது.

ஜேம்ஸ் ஸ்காட் விஷயத்தில் பதில் இருந்தது. பிரிஸ்பேனைச் சேர்ந்த 22 வயது மருத்துவ மாணவர் அவர். 1991 டிசம்பரில், காத்மாண்டுக்கு வடக்கே கோசாய்குண்ட ஏரிப் பக்கமுள்ள உயரமான கணவாயைக் கடக்க ஏறிக்கொண்டிருந்தார். பனி கொட்டத் தொடங்கியது. கூட வந்தவர் மேலே போக முடிவெடுத்தார். ஸ்காட் திரும்பி இறங்கினார். பாதை பனியில் மறைந்துபோயிருந்தது. ஓடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர், மேலே ஏறவும் முடியாமல் கீழே போகவும் முடியாமல் ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கினார். கையில் இருந்தவை இரண்டு சாக்லேட் கட்டிகள். அவை தீர்ந்த பிறகு வெறும் பனிதான். காணாமல் போய் 43-ஆம் நாள், 1992 பிப்ரவரி 2 அன்று, ஹெலிகாப்டரில் தேடியவர்கள் அவரை உயிரோடு கண்டார்கள்.

அவருடைய சகோதரி ஜோயன் நேபாளத்துக்கே வந்து தேடுதலை முன்னின்று நடத்தினார். பின்னாளில் இருவரும் சேர்ந்து அந்த நாட்களைப் புத்தகமாகவும் எழுதினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் கடுங்குளிரில் தொலைந்தவரைத் தேடுவதை விட்டுவிட எல்லாக் காரணங்களும் இருந்தன. விடாமல் தேட வைத்தது பாசம். எங்கே தேடுவது என்று காட்டியது, கூட வந்தவர் சொன்ன தகவல். இன்ன நாள், இன்ன ஏற்றத்தில், இன்ன பக்கம் திரும்பினார் என்பது தெரிந்திருந்தது. அது மட்டும் இல்லையென்றால் எந்தச் சரிவின் மேல் ஹெலிகாப்டர் பறந்திருக்கும்?

தேடுபவர்கள் முதலில் கேட்பது இந்தக் 'கடைசியாகப் பார்த்த இட'த்தைத்தான். அதைச் சுற்றித்தான் வரைபடத்தில் வட்டம் போடுவார்கள். பிறகு அந்த வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் ஆள் இருக்க வாய்ப்பு அதிகம் என்று வரிசை போடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட அமெரிக்கக் கடற்படைக்காக பெர்னார்ட் கூப்மன் முதலிய கணித அறிஞர்கள் உருவாக்கிய முறையின் வழி வந்தது இது. தொலைந்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ராபர்ட் கெஸ்டர் பல்லாயிரம் சம்பவங்களைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். சிறு குழந்தை ஒரு மாதிரிப் போகும், மறதி நோய் உள்ள முதியவர் வேறு மாதிரிப் போவார், மலையேறி இன்னொரு மாதிரிப் போவார். அதனால் இடத்தைச் சொன்னால் மட்டும் போதாது. ஆள் எப்படிப்பட்டவர் என்றும் சொல்ல வேண்டும்.

2017-இல் தைவானைச் சேர்ந்த ஓர் இளைஞரும் அவருடைய தோழியும் நேபாளத்தின் தாதிங் மாவட்டத்தில் தொலைந்தார்கள். ஆற்றை ஒட்டியே இறங்கி, பள்ளத்தாக்கு ஒன்றில் சிக்கிக்கொண்டார்கள். 47 நாட்களுக்குப் பிறகு மீட்புக் குழு அவர்களைக் கண்டபோது இளைஞர் உயிரோடு இருந்தார். தோழி மூன்று நாட்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அந்த மூன்று நாட்களை நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது. ஸ்காட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே 25 ஆண்டுகள். மூவரும் செய்தது ஒன்றே. தண்ணீரைத் தொடர்ந்து இறங்கினால் ஊர் வரும் என்று நம்பினார்கள். நம் சமவெளியில் அது சரி. இமயமலையில் ஓடை அருவியாகிக் குதிக்கும் இடத்தில்தான் பலருடைய பாதை முடிகிறது. 'வழி தெரியாவிட்டால் என் மகன் உட்கார்ந்திருக்க மாட்டான், ஏதாவது வழி கண்டுபிடித்து இறங்கத்தான் பார்ப்பான்' என்று ஓர் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே தேடுபவர்கள் முதலில் ஓடைப் பள்ளங்களைப் பார்க்கக் கூடும். இதை அம்மாவைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

ஆகவே யாருக்கும் போன் போடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: நேரம், தகவல், சொன்னது யார். கடைசி வாட்ஸ்அப் செய்தி, கடைசி போன், கடைசியாகப் பணம் எடுத்த ஏ.டி.எம்., கடைசியாகப் போட்ட படம் என்று பின்னாலிருந்து முன்னே எழுதிக்கொண்டு வாருங்கள். 'கியாஞ்சின் கோம்பாவில் இருக்கிறேன்' என்று அவனே அனுப்பிய செய்தி ஒன்று. 'அங்கிருந்து கோசாய்குண்டம் போயிருப்பான்' என்று நண்பன் சொல்வது இன்னொன்று. முதலாவது தெரிந்தது, இரண்டாவது நினைப்பது. இரண்டும் ஒரே வரியில் கலந்துவிட்டால் தேடும் குழு தவறான பள்ளத்தாக்குக்குப் போய்விடும். கலங்கிய மனசுக்கு எல்லாமே தெரிந்தது மாதிரித்தான் தோன்றும். மூன்றாவது கட்டம் அதற்காகத்தான்.

நேரம் எழுதும்போது ஒரு சின்ன விஷயம். நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. உங்கள் போன் காட்டுவது இந்திய நேரம். மலைப்பாதை லாட்ஜில் ஒருவர் சொல்வது நேபாள நேரம். அங்குள்ள அரசு ஏடுகளில் விக்ரம் சம்வத் தேதி இருக்கும். அவர்கள் ஆண்டு நம்முடையதைவிட 56, 57 கூடுதல். எது எந்தக் கணக்கு என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

அடுத்த பக்கத்தில் ஆள் அடையாளம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவால் மலையில் பெரிய பயனில்லை. கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் எடுத்த முழு உருவப் படம்தான் வேண்டும்: ஜாக்கெட் என்ன நிறம், முதுகுப் பையின் உறை என்ன நிறம், ஷூ என்ன சைஸ். அதே ஷூவின் இன்னொரு ஜோடியோ கடையில் எடுத்த படமோ கிடைத்தால் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். சேற்றில் ஒரு தடம் தெரிந்தால் அது அவனுடையதா இல்லையா என்று அந்தப் படம் சொல்லும். சர்க்கரை, ஆஸ்துமா, தினசரி மாத்திரை எதையும் மறைக்கக் கூடாது. கிளம்பும் முன் வீட்டில் சண்டையா, வேலை போன வருத்தமா, அதையும் சொல்ல வேண்டும். குடும்ப மானம் என்று பார்க்கும் நேரம் இது இல்லை.

போன் விஷயத்தில் பதற்றம் வேண்டாம். நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் அந்தப் பக்கம் இருக்கும் கொஞ்ச பேட்டரியும் தீரும். எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்திலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அவனுடைய கூகுள் கணக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்திருந்தால், போன் கடைசியாக எங்கே இருந்தது என்பதும், தானாகச் சேமித்த படங்களின் இடமும் தெரியலாம். பாஸ்வேர்டை ஊகித்து ஊகித்துப் போட்டுக் கணக்கைப் பூட்டிவிடாதீர்கள். கடைசி டவர் விவரம் போலீஸ் கேட்டால்தான் கிடைக்கும். அதனால் உள்ளூர் ஸ்டேஷனில் 'மேன் மிஸ்ஸிங்' வழக்கு பதிவாகி, எஃப்.ஐ.ஆர். நகல் கையில் இருக்க வேண்டும். தூதரகம், இன்சூரன்ஸ், வங்கி என எல்லாரும் அந்த நகலைத்தான் முதலில் கேட்பார்கள். சி.பி.ஐ. மூலமாக இன்டர்போலின் மஞ்சள் நோட்டீஸ் கோருவதற்கும் அடித்தளம் அதுதான்.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. இந்தியர்கள் நேபாளம் போக விசா வேண்டாம். சுனௌலி, ரக்சால் வழியாகத் தரை மார்க்கமாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரைகூட விழாது. ஓர் ஐரோப்பியர் தொலைந்தால் குடிநுழைவு ஏட்டில் அவர் வந்த நாள் இருக்கும். நம் பையன் நேபாளத்துக்குள் போனான் என்பதற்கே சான்று இல்லாமல் போகலாம். எனவே பஸ் டிக்கெட், எல்லையில் பணம் மாற்றிய ரசீது, காத்மாண்டு லாட்ஜ் பில் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். மலைக்குள் போவதற்குத் தேசியப் பூங்கா, பாதுகாப்புப் பகுதி பெர்மிட்டுகள் உண்டு. செக்போஸ்ட்டுகளில் பெயர் பதிவாகும். பாதையோர லாட்ஜ்களிலும் ரிஜிஸ்டர் இருக்கும். எந்த ரிஜிஸ்டரில் கடைசியாகப் பெயர் இருக்கிறது, அடுத்த ஊரில் ஏன் இல்லை என்று பார்த்தாலே தேட வேண்டிய தூரம் ஒரு நாள் நடைக்குச் சுருங்கிவிடும். ஹெலிகாப்டர் கிளம்பும் முன் அந்த ரிஜிஸ்டர்களைப் பார்க்க உள்ளூர் கைடு ஒருவரை நடத்தி அனுப்பச் சொல்லுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவேன்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தூதரகம் நேபாளப் போலீஸோடும் ராணுவத்தோடும் பேசும், ஆவணம் தரும், ஒருங்கிணைக்கும். தனியார் ஹெலிகாப்டருக்குப் பணம் கட்டித் தரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் பறப்பதற்கே லட்ச ரூபாயைத் தாண்டும், முன்பணமோ உத்தரவாதமோ இல்லாமல் கிளப்ப மாட்டார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், மீட்பு மட்டுமா தேடுதலும் சேர்த்தா, முன் அனுமதி வாங்க வேண்டுமா. 2018-இல் நேபாளத்தில் போலி மீட்புப் பறப்புகளைக் காட்டி இன்சூரன்ஸ் பணம் சுருட்டியது அரசு விசாரணையில் வெளியானது. அதற்குப் பிறகு கம்பெனிகள் கெடுபிடியாகிவிட்டன. அவர்களைக் கேட்காமல் பறந்துவிட்டு பில்லை நீட்டினால் காசு வராமலே போகலாம். பறப்பதும் பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும். இரவே காகிதம் தயாராக இல்லாவிட்டால் ஒரு நாள் போயிற்று.

இதெல்லாம் கையில் வந்ததும் கோரிக்கையை இரண்டு பக்கத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். முதல் பத்தியில் பெயர், வயது, கடைசியாகப் பார்த்த இடம், நாள், நேரம், பார்த்தவர். அழுகையும் ஆதங்கமும் அதில் வேண்டாம். வெளியுறவுத் துறையின் மதத் இணையதளம், காத்மாண்டு இந்தியத் தூதரகம், நேபாளச் சுற்றுலாப் போலீஸ், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறை, எல்லாருக்கும் ஒரே தாள்தான் போக வேண்டும். ஆளுக்கொரு தேதி, ஆளுக்கொரு இடம் சொன்னால் முதல் நாளே குழப்பம்தான். பேசுவதற்கு வீட்டில் ஒருவர் போதும், அவரும் நிதானமானவராக இருக்கட்டும். அம்மாவின் நம்பரைச் சமூக வலைதளங்களில் போடாதீர்கள். 'உங்கள் மகன் எங்களிடம் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்' என்று நடுராத்திரியில் கூப்பிடுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் கைடு இல்லாமல் தனியாக மலைநடை போகக் கூடாது என்று நேபாளம் விதி கொண்டுவந்திருக்கிறது. எல்லாப் பகுதியிலும் ஒரே கண்டிப்புடன் அது நடப்பதில்லை. அதனால் இதைப் படிக்கும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை மலைக்குக் கிளம்பும்போது, முழு உருவப் படம், ஷூவின் அடிப்பக்கப் படம், நாள்வாரியாகத் தங்கும் ஊர்கள், கைடின் நம்பர், இன்சூரன்ஸ் நகல், 'இந்தத் தேதிக்குள் பேசாவிட்டால் தேடுங்கள்' என்று அவன் கையால் எழுதிய ஒரு தேதி, இத்தனையும் வாங்கி வைத்துக்கொண்டு வழியனுப்புங்கள்.

(தொடரும்)