களிமண் புறா

"புறாவைச் சுடுறதா விளையாட்டு? பாவம் மகள்" என்றார் உம்மா. ஒலிம்பிக் போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, 'களிமண் புறா' என்று நான் சொன்னதில் புறா மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

உம்மாவின் கவலையிலும் நியாயம் உண்டு. ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டே சுட்டார்கள். 1900இல் பாரிஸிலும் அப்படியொரு போட்டி நடந்தது. உயிருள்ள எதையும் குறிப்பொருளாக வைக்கக் கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அம்பெய்யப் பழகுவதையோ ஊக்கப்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1880இல் ஜோர்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டை உருவாக்கினார். காலப்போக்கில் புறா தப்பியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைய தட்டில் களிமண்ணும் இல்லை. கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்தது; 110 மில்லிமீற்றர் அகலம், 105 கிராம் நிறை. கவிழ்த்து வைத்த சிறு பீரிசு போலிருக்கும்.

'ட்ராப்' போட்டியில் சுடுபவர் குரல் கொடுத்ததும், 15 மீற்றர் முன்னாலுள்ள பள்ளத்திலிருந்து தட்டு பாயும். எந்தப் பக்கம் போகுமென்று முன்கூட்டித் தெரியாது. 'ஸ்கீட்' போட்டியில் இரு பக்கமும் உள்ள கூண்டுகளிலிருந்து குறுக்கே பறக்கும். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டு உடைந்து விழுந்தாலே புள்ளிதான். தட்டைப் பார்த்துச் சுட்டால் தவறிவிடும். சன்னங்கள் போய்ச் சேரும் நேரத்தில் அது எங்கே இருக்குமோ, அந்த இடத்துக்குச் சுட வேண்டும்.

இது ஆண்களின் விளையாட்டு என்பவர்களுக்கு நான் சொல்வது சாங் ஷானின் கதை. 1992 பார்சிலோனாவில் ஸ்கீட் போட்டியில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே நின்றார்கள். 24 வயதான இந்தச் சீனப் பெண், 225 தட்டுகளில் 223ஐ உடைத்துத் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றானது! உலகிலேயே முதலிடம் பெற்றவர் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. பெண்களுக்கெனத் தனி ஸ்கீட் 2000இல் சிட்னியில்தான் வந்தது.

நம் நாட்டில் எப்படித் தொடங்குவது? அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பது குற்றம். 1916ஆம் ஆண்டின் சட்டம் இன்றும் இருக்கிறது. துவக்கு என்றாலே நம் பெற்றோர் ஏன் பயப்படுகிறார்கள் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால் முதற்படி, பயிற்றுநரின் கண்முன்னே 10 மீற்றர் காற்றழுத்த ரைபிள். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் டெஹானி எகொடவெல பங்குபற்றியது அந்தப் போட்டியில்தான். பர்தா தடையாகாது. கட்டாரின் பஹியா அல்ஹமத் தலையை மூடியபடியே 2012இல் இலண்டனில் சுட்டார். துணியின் மடிப்பு கன்னத்துக்கும் துவக்கின் கட்டைக்கும் இடையில் சிக்காமல் குத்திக்கொண்டால் போதும். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் அவசியம். சுடாத வேளையில் துவக்கு வெறுமையாக இருக்க வேண்டும், அதன் வாய் ஒருபோதும் ஆட்களின் பக்கம் திரும்பக் கூடாது.

துவக்கே இல்லாமல் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, தொலைவிலுள்ள ஒரு பொருளை அதன் வழியே இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது பொருள் நகராமல் நிற்கிறதோ, அதுவே உங்கள் ஆளும் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால், இடத்தோளில் வைத்துப் பழகச் சொல்வார்கள்.

நான் எங்கள் வாசலில் நின்று தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கியைப் பார்த்தேன். எனக்கு வலக்கண். பின்னால் வந்து நின்ற உம்மா, ஒன்றும் பேசாமல் தாமும் கைகளை நீட்டினார். அவருக்கு இடக்கண்.