கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா? கோரையாற்றுக் கழிமுகத்தில் அது செய்யும் வேலை

"காவிரித் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்ற பேச்சை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் டெல்டாவின் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். கடைமடை விவசாயிக்கு இதில் ஆத்திரம் இருப்பது நியாயமே. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தாலும், ஆடி பிறந்த பிறகும் தம் வாய்க்காலில் தண்ணீர் ஏறாமல் காத்துக் கிடந்தவர், அடைமழையில் அதே ஆறு கரை தளும்பி ஓடுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தத் தண்ணீர் போய்ச் சேருமிடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டை அருகே கடலோடு சேரும் கோரையாற்றின் கழிமுகம் அதைத் தெரிந்துகொள்ளத் தகுந்த இடம்.

கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் மீண்டும் பிரிகிறது. அங்கே பிரிந்து வரும் ஆறுகளில் ஒன்று கோரையாறு. வயலில் கோரையைக் கண்டால் பிடுங்கி எறியாமல் ஓயாத விவசாயிகள், அதே பெயர் கொண்ட ஆற்றை நம்பித்தான் சாகுபடி செய்கிறார்கள்! பெரிய ஆறு அல்ல. டெல்டாவின் மற்றச் சிற்றாறுகளைப் போலவே இதுவும் பாசனத்துக்கும் ஆறு, வடிகாலுக்கும் ஆறு. மேலூரின் வடிகால் தண்ணீர் கீழூரின் பாசனத் தண்ணீராகிறது. கடைசியாக ஜாம்புவானோடையைத் தாண்டி, ஆழமில்லாத ஓர் உப்பங்கழியில் விழுகிறது. அந்த ஊர்க்காரர்கள் அதை "லகூன்" என்றே சொல்வார்கள். பாமணியாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு முதலியவையும் அந்தப் பக்கத்தில்தான் கடலைத் தொடுகின்றன. சுற்றிலும் சுமார் 12,000 ஹெக்டேர் காப்புக்காடு. அதில் மரம் அடர்ந்து நிற்பது ஒரு பகுதிதான். மீதி சேறும் தண்ணீரும். இதுவே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

முளைவிட்ட விதை

இக்காட்டில் பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல். உப்புத் தண்ணீரை உறிஞ்சி, மிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும் மரம் இது. இலையை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்புக் கரிக்கும். ஆடு மாடுகள் விரும்பித் தின்னும். சேற்றில் காற்று கிடையாது. ஆகவே இதன் வேர்கள் பென்சில் நட்டது போல மேலே கிளம்பி மூச்சு விடுகின்றன. வெண்கண்டலோடு தில்லை மரமும், நறுங்கண்டலும், கழுதைமுள்ளியும், உமரியும் உண்டு. சிதம்பரத்தின் தல மரமான தில்லை இதுவே. இதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் விறகு வெட்டுகிறவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

வெண்கண்டலின் விதையில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நாற்றங்காலில் தெளிப்பதற்கு முன் நாம் விதைநெல்லை ஊறவைத்து முளைகட்டுகிறோம் அல்லவா? வெண்கண்டல் அந்த வேலையை மரத்திலேயே முடித்துவிடுகிறது. காய்க்குள்ளேயே முளை கிளம்பி, தயாராகத் தண்ணீரில் விழுந்து, மிதந்து போய் மேடான சேற்றில் ஒட்டிக்கொள்கிறது. விழும் காலம் வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்போது ஆற்றுத் தண்ணீர் வந்து உப்பைத் தணித்தால்தான் பெரும்பாலான கன்று பிழைக்கும். வளர்ந்த மரம் தாங்குகிற உப்பைக் கன்று தாங்காது; நெல்லிலும் அப்படித்தானே.

இறாலின் கதையும் இந்தத் தண்ணீரோடு பிணைந்தது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு ஓதத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, சில மாதம் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. அதற்குத் தீனி, உதிர்ந்து மக்கிய கண்டல் இலையிலிருந்தும் ஆறு கொண்டுவரும் வண்டலிலிருந்தும் கிடைக்கிறது. வயலுக்கு நாம் தழையுரம் இடுவதுபோல் இந்தக் காடு தண்ணீருக்குத் தழையுரம் இடுகிறது எனலாம். மடவை, கொடுவா, களி நண்டு யாவும் இந்த உரத்தில் வளர்பவையே. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி லகூனோடு இணைத்து, ஏறி வரும் மீனைப் பிடிப்பது இவ்வூர் மக்களின் பழைய தொழில்.

நத்தைகுத்தியும் நரியும்

ஐப்பசிக்குப் பிறகு வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா என்று பல இனம். பூநாரையும் வருவதுண்டு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அரித்துத் தின்னும் பறவை அது. கூழைக்கடா, கரண்டிவாயன், சங்குவளை நாரை, நீர்க்காகம், செம்பருந்து ஆகியவற்றையும் காணலாம். கோடியக்கரையையும் இக்காட்டையும் சேர்த்து 2002-ல் ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்கான பட்டியல் அது.

முத்துப்பேட்டைக்குப் பக்கத்திலேயே உதயமார்த்தாண்டபுரம் ஏரி இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீரும் மழையும் நிரப்பும் சுமார் 45 ஹெக்டேர் பாசன ஏரி. 2022-ல் இதுவும் அப்பட்டியலில் சேர்ந்தது. இங்கே கூடு கட்டுவதில் நத்தைகுத்தி நாரை முக்கியமானது. அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். அந்த அலகால் நத்தையைப் பற்றி, ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவி எடுத்துவிடும். கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் சுற்றுவட்டார வயல்களில் நாள் முழுவதும் நத்தை பொறுக்கும். நாற்றங்காலில் நத்தைத் தொல்லை கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். ஏரித் தண்ணீரில் விழும் எச்சமும் வீண் போவதில்லை. செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் விவசாயிகள், பறவை எச்சம் கலந்த தண்ணீரை உரத் தண்ணீராக மதித்தே அந்த ஏரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள்.

அலையாத்திக் காட்டில் நரியும் உண்டு. ஓதம் வடிந்த சேற்றில் நண்டு தேடும்; வயல் பக்கம் வந்தால் எலி பிடிக்கும். எலிக்குக் கிட்டி வைத்து அலுத்தவர்கள் நரியை விரட்ட வேண்டியதில்லை.

எல்லாப் பறவையும் நன்மையே செய்கிறது என்றும் சொல்வதற்கில்லை. தாழைக்கோழி பயிரை மிதித்துச் சாய்ப்பதும், தண்டைக் கடித்துத் தின்பதும் உண்மையே. அதற்காகக் குருணை மருந்தை நெல்லில் கலந்து வைத்தால், தாழைக்கோழியோடு கொக்கும் வாத்தும் சாகும். செத்ததைத் தின்னும் பருந்தும் நரியும் சாகும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கும் வரும். தகர ஒலி எழுப்பி விரட்டுவது தொல்லைதான். ஆனாலும் அதுவே மேல்.

ஆறு வற்றினால்

நல்ல தண்ணீர் வரத்து நின்ற கோடையில் லகூனில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஆழமில்லாததால் வெயிலில் தண்ணீர் சுண்டி, சில இடங்களில் கடலை விடவும் உப்பாகிவிடும். உப்பைத் தாங்காத மரங்கள் குறைந்து, வெண்கண்டல் மட்டுமே மிஞ்சுவது இதனால்தான். அதோடு நிற்பதில்லை. ஆறு இறங்காத இடத்தில் கடல் ஏறும். கடைமடை ரெகுலேட்டரின் கதவு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், ஓதத் தண்ணீர் வாய்க்கால் வழியே வயல் ஓரம் வரை வந்துவிடுகிறது. கிணற்று நீரும் கரிக்க ஆரம்பிக்கிறது. கதவை அடைத்தே வைத்தாலும் சிக்கல் உண்டு. வயல் தப்பும், லகூனுக்கு நல்ல தண்ணீர் நின்றுபோகும். மழைக் காலத்தில் எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதில் விவசாயிகளையும் மீனவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினால் பாதி வம்பு தீரும்.

தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்பதை இக்காடு ஒருமுறை காட்டியிருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள் வரை, காட்டைக் கூப்பு கூப்பாகப் பிரித்து முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் புகுந்த ஓதத் தண்ணீர் திரும்ப வழியின்றி நின்று, உப்பளப் பாத்தி போலச் சுண்டியது. அதில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் தாய் வாய்க்காலும் கிளை வாய்க்காலும் வெட்டினார்கள். ஓதம் வந்து போக வழி கிடைத்தது; உப்புத் தணிந்தது; கரையோரம் ஊன்றிய வெண்கண்டல் தழைத்தது. மண்வெட்டி வேலைதான், அது காட்டைத் திரும்பக் கொண்டுவந்தது.

2018 நவம்பர் 16-ல் வந்த கஜா புயலில் இக்காடும் ஒடிந்து நொறுங்கியது. அலையின் வேகத்தைக் காடு குறைக்கும். காற்றை முழுவதும் தடுக்காது. அன்று விழுந்த தென்னைகளே இதற்குச் சாட்சி.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் அளித்த இறுதித் தீர்ப்பில், மொத்தம் 740 டி.எம்.சி. தண்ணீரில் 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழலுக்கு என ஒதுக்கியது. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதாக 4 டி.எம்.சி.யைக் கணக்கில் வைத்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 419-லிருந்து 404.25 ஆகக் குறைத்தபோதும், இந்த 14 டி.எம்.சி.யில் கை வைக்கவில்லை. நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத அளவு இது. அதுவும் காவிரி முழுமைக்கும்.

வயலில் செய்யக்கூடியது

உப்பு ஏறிய வயலில் முதல் மழைத் தண்ணீரைத் தேக்கி, இரண்டு மூன்று முறை வடித்துவிட்ட பிறகே நடவு செய்வது நல்லது. தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயம் மடக்கி உழலாம். ஜிப்சம் களர் நிலத்துக்கு உரியது. வெறும் உவர் நிலத்தில் அதைக் கொட்டுவது காசுக்குக் கேடு. ஆகவே மண் பரிசோதனை அவசியம். திருச்சி 1, திருச்சி 3, கோ 43 ஆகிய ரகங்கள் ஓரளவு தாங்கும்.

இன்னொன்று பூச்சிமருந்து. இறாலும் நண்டும் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவு. தண்டுத் துளைப்பானைக் கொல்லும் மருந்து இறால் குஞ்சையும் கொல்லும். சம்பாவுக்கும் தாளடிக்கும் மருந்து அடிக்கும் மாதங்களும், பறவைகள் லகூனில் இறங்கியிருக்கும் மாதங்களும் ஒன்றே. தண்டுத் துளைப்பானுக்கு முட்டை ஒட்டுண்ணி அட்டையும் விளக்குப் பொறியும் முதலில். மருந்து தவிர்க்க முடியாதபோது, தெளித்த பின் நான்கைந்து நாள் வடிமடையை அடைத்து வைக்க வேண்டும். மழை வரும் அறிகுறி இருந்தால் அன்று தெளிக்காமல் இருப்பது, கரைந்து போகும் மருந்துக் காசையும் மிச்சப்படுத்தும்.