இரயில் வேகமும் தரை அலையும்

மருங்காபுரிப் பகுதி மாணவர்கள் இரயிலைப் பார்ப்பது பெரும்பாலும் மணப்பாறையில்தான். விரைவு இரயில் கடக்கும்போது நடைமேடையில் நிற்பவரின் காலடியில் மெல்லிய அதிர்வு தெரியும். வேகம் கூடினால் அதிர்வும் அதே விகிதத்தில் கூடுமா? வகுப்பில் இந்த வினாவை எழுப்பிப் பாருங்கள். "ஆம்" என்பதே முதல் விடையாக வரும். ஆனால், விடை நிலத்தைப் பொறுத்தது.

ஓடும் சக்கரங்களின் எடை தண்டவாளத்தின் வழியே தரையை அடுத்தடுத்து அழுத்துகிறது. அதனால் தரைப்பரப்பில் பரவும் அலைக்கு ராலே அலை என்று பெயர். கடினப் பாறையில் அது வினாடிக்கு 1000 மீட்டருக்கும் மேல் செல்லும். மிக மென்மையான களிமண்ணில் சுமார் 45 மீட்டர்தான். அதாவது மணிக்கு 162 கி.மீ. இரயில் அந்த வேகத்தை எட்டினால், அலைகள் முன்னே விலகிச் செல்ல இயலாமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். ஒலியை மிஞ்சும் விமானம் அதிர்வலையை உண்டாக்குவதும் இவ்வாறே.

சுவீடனின் லெட்ஸ்கோர்டு என்னுமிடத்தில் 1990களின் இறுதியில் இதுவே நடந்தது. வேகம் 140 கி.மீ.யிலிருந்து 180 கி.மீ. ஆனபோது தரை அதிர்வு ஏறத்தாழ 10 மடங்கானது. பாதைக்கு அடியில் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த தூண்களை அமைத்து, களிமண்ணைக் கடினமாக்கிய பிறகே சிக்கல் தீர்ந்தது.

எனவே, பாதை அமைக்கும் முன் தரையில் சுத்தியலால் அடித்து, அலை உணர்விகளை அடையும் நேரத்தை அளந்து, அதன் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். நிலத்தைக் கடினமாக்குவது, தண்டவாளத்தின் அடியில் ரப்பர் மெத்தை இடுவது, சக்கரத்தையும் தண்டவாளத்தையும் வழுவழுப்பாகப் பராமரிப்பது ஆகியவை அதிர்வைக் குறைக்கும் வழிகள். மணிக்கு 320 கி.மீ. வேகத்திற்குத் திட்டமிடப்பட்ட 508 கி.மீ. நீள மும்பை–அகமதாபாத் பாதையின் பெரும்பகுதி தூண்களின் மேல் அமைகிறது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் பாதை ஆற்று வண்டல்மேல் செல்கிறது. மணப்பாறைப் பக்கம் அடியில் கடினப் பாறை. மணிக்கு 130 கி.மீ. என்பது வினாடிக்கு 36 மீட்டர்தான். பாறைநில அலையை அது நெருங்கவே நெருங்காது.

வகுப்பறைச் செயல்பாடு: அகன்ற, நீளமான தட்டில் நீர் நிரப்பி, பென்சில் முனையை மிக மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள், சிற்றலை தோன்றாது. வினாடிக்குச் சுமார் 23 செ.மீ.க்கு மேல் வேகம் கூடினால், 'வி' வடிவ அலை பின்தொடரும். தொடக்க வகுப்பினர் உற்றுநோக்கட்டும். உயர்நிலை வகுப்பினர் தூரத்தையும் நேரத்தையும் அளந்து, அலை தோன்றும் வேகத்தைத் தாங்களே கண்டறியட்டும்.