பனிக்காலத்துக்குப் பண்டம் சேர்க்கும் பாம்பூர் வீடுகள்

தில்லிக் கடைவீதிகளில் தீபாவளிக் கூட்டம் நெரியும் அதே நாள்களில், ஸ்ரீநகருக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாம்பூரில் வீடுகள் விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்கின்றன. சமோவாரில் கொதிக்கும் உப்புத் தேநீரை ரொட்டியுடன் அருந்திவிட்டு, பிரம்புக் கூடைகளோடு குடும்பம் முழுவதும் வயலுக்குக் கிளம்புகிறது. பாட்டியும் உண்டு, பள்ளிக்குச் செல்ல வேண்டிய பேரனும் உண்டு. அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி ஏறத்தாழ மூன்று வாரங்கள் மட்டுமே குங்குமப்பூ பூக்கும். வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்த நாளின் பூ போனது போனதுதான்.

வயலில் பாதி வேலைதான். மீதி வேலை வீட்டுக்குள் நடக்கிறது. நடு அறையில் துணி விரித்து, அதன்மேல் ஊதா நிறப் பூக்களைக் குவித்து, சுற்றிலும் அமர்ந்து ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று செந்நிற இழைகளைப் பிரித்தெடுக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துகொள்வதால் பேச்சும் சிரிப்புமாக நள்ளிரவு வரை இது நீளும். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். கருவுற்ற மகளுக்குப் பாலில் கலந்து கொடுக்கத் தமிழகத்துப் பெற்றோர் வாங்கும் ஒரு கிராம் சிமிழுக்குப் பின்னால் 150 பூக்கள் இருக்கின்றன. ஹெக்டேருக்கு இரண்டு, மூன்று கிலோ என்பதே பாரம்பரிய விளைச்சல். பத்து கனால், அதாவது அரை ஹெக்டேர் வைத்திருக்கும் வீடு, நல்ல ஆண்டில்கூட ஒன்று அல்லது ஒன்றரை கிலோ எடுப்பதற்கு இரண்டு லட்சம் பூக்களைக் கையால் தொட்டாக வேண்டும்.

காஷ்மீரிகள் இந்தப் பருவத்தை 'ஹருத்' என்கிறார்கள். சுற்றுலாப் பயணிக்கு அது சினார் மரங்கள் செம்பொன்னாக மாறும் காட்சி. வீட்டுப் பெண்ணுக்கோ அது கணக்குப் போடும் காலம். டிசம்பர் 21-ல் தொடங்கும் 'சில்லை கலான்' என்ற 40 நாள் கடுங்குளிரையும், அதைத் தொடரும் 20 நாள், 10 நாள் குளிர்களையும் வீடு தாண்ட வேண்டும். அதற்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு மிளகாய், எவ்வளவு கரி என்பதெல்லாம் ஹருத்திலேயே முடிவாகிவிட வேண்டும்.

ஆகவே கோடை இறுதியிலிருந்தே கூரையும் ஜன்னலும் காய்கறிக் கடைபோல் ஆகிவிடுகின்றன. சுரைக்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, கத்திரிக்காயை நீளவாக்கில் பிளந்து, தக்காளியையும் டர்னிப்பையும் வில்லைகளாக்கி, நூலில் கோத்துத் தொங்கவிடுகிறார்கள். 'ஹோக் ஸ்யூன்' எனப்படும் இந்த வற்றல்கள்தான் தை மாதத்தில் குழம்பாகும். மீனையும் காயவைக்கிறார்கள். சிவப்பு மிளகாய் மாலைகள் சுவரையே மறைத்துவிடும். செப்டம்பரில் வால்நட் உரித்த கைகளில் ஏறிய கருஞ்சாயம், குங்குமப்பூ பறிக்கும் நாள்கள் வரையிலும் சிலருக்கு முழுதாகப் போவதில்லை. வால்நட் மரங்கள் மிக உயரமானவை. அவற்றிலிருந்து விழுந்து இறப்போர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு என்பதை அந்தப் பருப்பை உண்பவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை.

உதிர்ந்த இலையும் வீணாவதில்லை. சினார் இலைகளைக் கூட்டிக் குவித்து, தீயிட்டு, கொழுந்துவிட்டு எரியாதபடி நீர் தெளித்துக் கரியாக்குகிறார்கள். மண்சட்டியைப் பிரம்பால் பின்னிய கூட்டுக்குள் வைத்த 'காங்ரி' என்ற கணப்புக்கு அதுவே எரிபொருள். நீண்ட ஃபேரன் அங்கிக்குள் அதைச் சுமந்தபடிதான் மூன்று மாதம் நடமாட்டம். மின்சாரக் கணப்பு வந்த பிறகும், பனிக்கால மின்வெட்டை அறிந்த எந்த வீடும் காங்ரியைக் கைவிடத் துணியவில்லை.

இத்தனை முன்னெச்சரிக்கைக்கும் காரணம் குளிர் மட்டுமல்ல, சாலை. பள்ளத்தாக்கை ஜம்முவுடன் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை, பனிப்பொழிவாலும் ராம்பன் பகுதி நிலச்சரிவாலும் அடிக்கடி அடைபடும். சாலை அடைபட்டால் காய்கறி வராது. வந்தாலும் விலை எட்டாது. வற்றல் என்பது இங்கு ருசிக்காகச் செய்யும் பண்டமன்று, காப்பீடு.

அந்தக் காப்பீடு இயற்கைக்கு எதிராக மட்டுமே பயன்பட்டது என்று சொல்வதற்கில்லை. 2016 ஜூலையில் தொடங்கிய போராட்டமும் ஊரடங்கும் இலையுதிர்காலம் வரை நீண்டன. 2019 ஆகஸ்ட் 5-ல் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது தொலைபேசியே மௌனமானது. போஸ்ட்பெய்டு கைப்பேசிகள் மீண்டும் ஒலித்தது அக்டோபர் 14-ல்தான். அந்த ஆண்டு அறுவடை இணையத் தொடர்பற்ற நிலையில் நடந்தது. போதாக்குறைக்கு நவம்பர் தொடக்கத்திலேயே கனத்த பனி கொட்டி, இலை உதிராத ஆப்பிள் மரங்களின் கிளைகளை முறித்தது. அதற்கு முன், 2014 செப்டம்பர் வெள்ளத்தில் ஸ்ரீநகரிலும் தெற்கு மாவட்டங்களிலும் பல்லாயிரம் வீடுகளின் தரைத்தளம் நீரில் மூழ்கியது. சேமிக்கத் தெரிந்த மக்களுக்குச் சேமித்த இடமே பறிபோன ஆண்டு அது.

ஹருத்தின் பெரிய கொண்டாட்டம் எது என்று கேட்டால், திருமணம் என்றே சொல்ல வேண்டும். ஈகைப் பெருநாள் பிறைக் கணக்குப்படி எல்லாப் பருவங்களிலும் சுற்றிவரும். திருமணங்களோ வெயிலும் தணிந்து பனியும் வராத இந்த வாரங்களில்தான் குவிகின்றன. கையில் பணமும் களஞ்சியத்தில் நெல்லும் இருக்கும் நேரம் என்பதும் காரணம். மருதாணி இரவில் பெண்கள் வட்டமாக அமர்ந்து 'வன்வுன்' பாடுகிறார்கள். முற்றத்தில் விறகு அடுக்கி, பரம்பரைச் சமையற்காரர்களான 'வாஸா'க்கள் ஆட்டிறைச்சியை மரச்சுத்தியால் அடித்து விருந்து தயாரிக்கிறார்கள். ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பது மரபு. 2019-ல் காஷ்மீர் நாளிதழ்களில், அழைப்பிதழ் ரத்து செய்யப்பட்டதாக அறிவிக்கும் விளம்பரங்கள் வரிசையாக வந்தன. தொலைபேசி இல்லாத ஊரில் விருந்தினரிடம் 'வராதீர்கள்' என்று சொல்ல வேறு வழி இருக்கவில்லை.

இதே பருவத்தின் முகப்பில், விநாயக சதுர்த்தியை ஒட்டி, காஷ்மீரி பண்டிதர் வீடுகளில் 'பன்' பூஜை நடக்கும். 'ரோத்' என்ற இனிப்பு ரொட்டியைச் சுட்டுப் படைத்து, கதை சொல்லி, அண்டை வீடுகளுக்குப் பங்கிடுவார்கள். 1990-ல் பண்டிதர்கள் பெருமளவில் வெளியேற நேர்ந்தபின் அந்த ரொட்டி பெரும்பாலும் ஜம்முவின் ஜக்டி குடியிருப்பிலும் தில்லி அடுக்ககங்களிலும்தான் சுடப்படுகிறது. அண்டை வீட்டுக்குப் பங்கிடுவது என்ற பகுதிக்கு அங்கே பொருள் மாறிவிட்டது.

பாம்பூருக்குத் திரும்பினால், அங்கு இன்று வீட்டுக் கணக்கைக் குலைப்பது விளைநிலம்தான். 1990-களின் நடுவில் சுமார் 5,700 ஹெக்டேராக இருந்த குங்குமப்பூப் பரப்பு, 2009-10-ல் ஏறத்தாழ 3,700 ஹெக்டேராகச் சுருங்கியது. செப்டம்பர், அக்டோபரில் மழை தவறினால் கிழங்கு பூக்காது. அந்த மழை பல ஆண்டுகளாகத் தவறிக்கொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்ய மத்திய அரசு 2010-ல் சுமார் 400 கோடி ரூபாயில் தேசிய குங்குமப்பூ இயக்கத்தைத் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறும் தெளிப்புநீர்க் குழாயும் அமைப்பதே அதன் உயிர்நாடி. கிணறுகள் தோண்டப்பட்டன, குழாய்கள் பதிக்கப்பட்டன. ஆயினும் பல வயல்களுக்குத் தேவைப்படும் வாரத்தில் நீர் வரவில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு ஈரானியச் சரக்கைக் காஷ்மீர்ச் சரக்கென்று விற்பவரை ஓரளவு தடுக்கலாம், மழையைக் கொண்டுவராது.

குங்குமப்பூ நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்று 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் நெடுஞ்சாலையோரம் கட்டடங்கள் எழுந்தவண்ணம் உள்ளன. கிரியூ பகுதியின் சிமென்ட் ஆலைகளிலிருந்து வரும் தூசு பூவின் மேல் படிகிறது என்ற புகாரும் பழையது. 2019 பிப்ரவரி 14-ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் பலியான தாக்குதல் நடந்த லேத்போராவும் இதே குங்குமப்பூ வயல்களின் நடுவில்தான் உள்ளது. அந்த ஊரின் பெயர் நாடு முழுவதும் அறிமுகமானது குங்குமப்பூவால் அல்ல.

விளைச்சல் குறைந்த காஷ்மீர் வீடுகளிலிருந்து ஹருத் முடியும்போது ஓர் ஆண் வெளியேறுகிறான். சால்வை மூட்டையுடன் கொல்கத்தா, இமாசலம், பஞ்சாப் எனச் சமவெளி நோக்கிப் போகும் வியாபாரிகளின் வழக்கம் தலைமுறைகள் பழையது. லேத்போரா தாக்குதலுக்குப் பின் பல மாநிலங்களில் காஷ்மீரிகள் அடித்து விரட்டப்பட்டதும், அவர்களைக் காக்குமாறு 2019 பிப்ரவரி 22-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட நேர்ந்ததும் வீட்டில் இருப்பவர்களுக்கு மறக்கவில்லை. மகன் போன ஊரின் பெயர் தொலைக்காட்சிச் செய்தியில் வந்தால் அன்று அடுப்பு பற்றுவதில்லை.

2025 ஜூன் 6-ல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நெடுஞ்சாலை அடைபட்டு, ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் நின்று, பழம் அழுகியபோது, புட்காமிலிருந்து தில்லிக்குப் பார்சல் ரயிலில் ஆப்பிள் வந்து சேர்ந்தது. சாலையை மட்டுமே நம்பியிருந்த பள்ளத்தாக்குக்கு இது சிறிய செய்தியன்று. ஆனால் பழத்துக்கு வழி கிடைத்துவிட்டது என்பதற்காகச் சுரைக்காய் வற்றலைக் கோக்கும் நூலை யாரும் எடுத்து வைத்துவிடவில்லை.

கடைசிப் பூவும் பறிக்கப்பட்டதும் நடு அறைத் துணி மடிக்கப்படுகிறது. இழைகள் காய்ந்து டப்பாவில் அடைபடுகின்றன. சால்வை விற்கப் போகிறவனின் மூட்டை வாசலில் தயாராகிறது. ஸ்ரீநகரின் பாதாம்வாரியில் பாதாம் பூக்கும் மார்ச் மாதத்தில்தான் அவன் திரும்புவான். அதுவரை ஜன்னலில் தொங்கும் மாலைகளிலிருந்து ஒவ்வொன்றாக அறுத்தெடுத்துச் சமைப்பாள் வீட்டுப் பெண்.