உங்களுக்குத் தெரியுமா? நெல்லைப் பக்கம் 'சைட்' மேலாளர் வேலை

தச்சநல்லூரைத் தாண்டி மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனாலே தாழையூத்து. இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949இல் அங்கேதான் ஓடத் தொடங்கியது. பக்கத்திலேயே சங்கர் பாலிடெக்னிக்; பாளையங்கோட்டைப் பக்கம் 1981 முதல் அரசு பொறியியல் கல்லூரி. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், சிவில் படித்த நம் பிள்ளைகள் சர்டிபிகேட் கைக்கு வந்ததும் நேராகச் சென்னைக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

✦

திறப்பு விழாச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கட்டுமான வேலை தேடினால் கிடைக்காது. அடிக்கல் நாட்டும் செய்தியைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல்; 2025 ஆகஸ்டில் திறப்பு. இடைப்பட்ட பதினேழு மாதம்தான் கட்டுமான மேலாளருக்கான காலம். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் சோலார் ஆலைக்கு 2022இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2025 பிப்ரவரியில் முதல்வர் திறந்துவைத்தார். திறந்தபிறகு அங்கே இருப்பது உற்பத்தி வேலை, அதற்கு வேறு படிப்பு.

✦

கூடங்குளம் அப்படியல்ல. முதல் அணு உலைக்கு 2002இல் கான்கிரீட் போட்டார்கள். வணிக ரீதியாக அது மின்சாரம் தரத் தொடங்கியபோது 2014 முடிந்துகொண்டிருந்தது. 3, 4ஆம் உலைகளின் கட்டுமானம் 2017இலும், 5, 6ஆம் உலைகளின் கட்டுமானம் 2021இலும் தொடங்கின. ஒவ்வொன்றும் 1000 மெகாவாட். பயிற்சிப் பொறியாளராக நுழைந்தவர் அதே ஊரில் மேலாளராக உயரும் அளவுக்கு நீண்ட வேலை தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது.

✦

கம்யூனிஸ்ட் தலைவர் தோழர் நல்லகண்ணு தாமே வாதாடிய வழக்கில், தாமிரபரணியில் மணல் அள்ள 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஐந்தாண்டுத் தடை விதித்தது. ஆற்றுக்கு அது பெரிய நன்மை. இன்று நம் சைட்டுகளில் இறங்குவது பெரும்பாலும் பாறையை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட். அதைக் கையாளத் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. லாரி வந்ததும் ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்தால், உள்ளங்கையில் ஒட்டும் தூசே பாதிக் கதையைச் சொல்லிவிடும். கோண முனைகள் உள்ள துகள் என்பதால் கலவை இறுக்கமாக வரும். சித்தாள் கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றப் போவார். அந்த ஒரு குடத்தைத் தடுத்து நிறுத்துவதே மேலாளரின் வேலை. 40 கன மீட்டர் தளம் போட்டால் நான்கு மாதிரி, மாதிரிக்கு மூன்று கான்கிரீட் க்யூப், மொத்தம் பன்னிரண்டு. எடுத்த தேதி எழுதி, தண்ணீரில் போட்டு, 28ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும். இதைச் சோம்பல்படாமல் செய்பவரை எந்த நிறுவனமும் விடாது.

✦

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டு வீட்டுக்கு மேலோ கட்டி விற்பவர் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். சாவி கொடுத்த பிறகும் ஐந்தாண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் சரிசெய்து தர வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் பொன்னானதுதான். ஆனால் ஐந்தாண்டு கழித்து எடுத்துக் காட்டப் பதிவேடு வேண்டுமே! நெல்லையில் அபார்ட்மெண்ட் கட்டுவோருக்கு மேலாளர் தேவைப்படுவது இதனால்தான்.

✦

தாமிரபரணிக்கு இரண்டு பருவமழை. தென்மேற்கில் மலையில் பெய்து ஆறு நிரம்பும். ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்குள்ளேயே கொட்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, நெல்லை ஜங்ஷன் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. இந்த மண்ணில் அஸ்திவார வேலையை எந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். கணினியில் போடும் அட்டவணைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

✦

250 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை செய்யும் சைட்டில் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம். மேலாளர் பதவிக்கு வர இதுவும் நல்ல வாசல்.

இறுதியாண்டு படிக்கும் தம்பி, தங்கைகளே! எம்-புக் (அளவுப் பதிவேடு) எழுதவும் பில் போடவும் இப்போதே பழகுங்கள். ஒரு விடுமுறையையாவது அருகிலுள்ள சைட்டில் கழியுங்கள். பெரிய ஒப்பந்த நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சூப்பர்வைசர் வேலைக்கு மட்டும் உள்ளூர்ப் பிள்ளைகளைத் தேடாதீர்கள், மேலாளர் நாற்காலிக்கும் அவர்களைக் கூப்பிடுங்கள்.